காளைக்கு மார்க் போடுவது எப்படி?

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் சாலையில் பதின்மூன்று கிலோமீட்டர் போனால் மாட்டுப்பட்டி. பட்டி என்றால் மாடு அடைக்கிற இடம் என்று தமிழனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. பெயர் மட்டும் நம்முடையது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோரும் நம்மவர்கள்தான். வருகிற சுற்றுலாக் கூட்டம் அணையைப் பார்க்கிறது, படகில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, அதிர்ஷ்டம் இருந்தால் எதிர்க்கரையில் யானை பார்க்கிறது, சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. மேலே புல் சரிவில் இருக்கும் மாட்டுப் பண்ணையை ஏறிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. பார்க்க ஆசைப்பட்டாலும் நினைத்தபோது உள்ளே போய்விட முடியாது. வெளியாட்களின் செருப்போடு நோயும் வந்துவிடும் என்ற பயம்.

நண்பர் குடும்பத்தோடு போயிருந்தேன். அவர் மகள் கால்நடை மருத்துவர். மாட்டின மரபியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். சாலையோரம் நின்று பண்ணைப் பக்கம் கையைக் காட்டி, “அங்கிள், அங்கே இருக்கிற காளைகளுக்கு மார்க் போடுகிற மாதிரி எனக்கும் போட்டிருந்தால் போன மாசம் வேலை கிடைத்திருக்கும்” என்றாள்.

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.

ஒரு கல்லூரியில் பதவிக்கு நேர்முகம். பெயர் வேண்டாம். இவள் மூன்று வருஷம் தேனிப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் காலையிலும் மாலையிலும் கறந்த பாலை அளந்து நோட்டில் எழுதியவள். அதிலிருந்து எழுதிய கட்டுரைகள் இரண்டே இரண்டு. இரண்டும் இந்திய இதழ்களில் வந்தவை. தேர்வுக் குழுவிடம் கட்டம் போட்ட ஒரு தாள் இருந்தது. கட்டுரை எத்தனை, இதழின் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ எவ்வளவு, கூட்டினால் எவ்வளவு. மாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். வேலை கிடைத்தவரிடம் கட்டுரைகள் நிறைய. பாதி இதழ்களின் பெயர் ‘இன்டர்நேஷனல்’ என்று ஆரம்பிக்கிறது. வயிற்றெரிச்சலில் சொல்கிறாளோ என்று சந்தேகப்பட்டேன். செல்போனில் அந்த இதழ்களில் ஒன்றைக் காட்டினாள். இதழின் பெயரிலேயே எழுத்துப் பிழை.

இந்த இம்பாக்ட் ஃபேக்டர் என்ற சமாச்சாரம் விஞ்ஞானிகளின் சோற்றில் கை வைக்கிற அளவுக்கு வளர்ந்தது எப்படி என்பது ஒரு கதை. அதன் ஆரம்பம் வக்கீல்களிடம் இருக்கிறது. அமெரிக்காவில் 1873-லிருந்து ஷெப்பர்ட் என்பவர் ஆரம்பித்து வைத்த தொகுப்பு ஒன்று உண்டு. ஒரு தீர்ப்பை எடுத்துக்கொண்டால், பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் அதைக் குறிப்பிட்டன என்று அதில் பார்க்கலாம். யூஜின் கார்ஃபீல்ட் என்ற இளைஞர் இதைப் பார்த்துவிட்டு, விஞ்ஞானக் கட்டுரைகளுக்கும் இப்படி ஒன்று இருந்தால் என்ன என்று 1955-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். ஒரு கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். பழைய கட்டுரைக்குப் பிறந்த பிள்ளைகள் யார் யார் என்று தெரிந்துவிடும். 1964-ல் ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ வெளிவந்தது. தேடுகிறவனுக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

ஆனால் வக்கீல்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தார்கள். பழைய தீர்ப்பைப் புதிய தீர்ப்பு ஏற்றுக்கொண்டதா, விலக்கி வைத்ததா, ரத்து செய்ததா என்றும் பக்கத்திலேயே குறித்தார்கள். விஞ்ஞானத்துக்கு வந்தபோது அந்தக் குறிப்பு விடுபட்டு, எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது. ‘இன்னார் சொன்னது சரி’ என்றாலும் ஒன்று. ‘இன்னார் சொன்னது சுத்த அபத்தம்’ என்றாலும் ஒன்று.

இம்பாக்ட் ஃபேக்டர் அதற்குப் பின் வந்த குழந்தை. ஓர் இதழில் கடந்த இரண்டு வருஷம் வந்த கட்டுரைகள் இந்த வருஷம் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அந்த இரண்டு வருஷக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். எந்த இதழ்களைத் தன் அட்டவணையில் சேர்க்கலாம் என்று தீர்மானிக்கத்தான் கார்ஃபீல்ட் இதைச் செய்தார். பிறகு எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகர்களுக்கு உதவியது. இதழுக்குப் போட்ட மார்க்கை அதில் எழுதிய ஆளுக்குப் போடுவது அவர் யோசனை இல்லை. நல்ல ஹோட்டலில் சாப்பிட்டவன் நல்லவன் என்று முடிவு கட்டுகிற மாதிரியான காரியம் இது.

நூலகர் என்றதும் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போய், கணக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார். 1948-ல் இங்கிலாந்தில் லீமிங்டன் ஸ்பா என்ற ஊரில் நடந்த மாநாட்டில், நூலக வேலைகளைப் புள்ளிவிவரக் கணிதத்தால் அளக்க ‘லிப்ராமெட்ரி’ என்று ஒரு துறை வேண்டும் என்றார். ‘பிப்ளியோமெட்ரிக்ஸ்’ என்ற பெயர் ஆலன் பிரிட்சர்ட் வைத்து 1969-ல்தான் வருகிறது. ரங்கநாதனின் கணக்குகள் வாசகனுக்கு எப்படி வசதி செய்து கொடுப்பது என்பதைச் சுற்றியவை. யாரை வேலைக்கு எடுப்பது என்பதற்கு அவர் அளவுகோலைத் தூக்கவில்லை.

மாட்டுப்பட்டிக்கு வருகிறேன். 1963-ல் இந்தியாவும் ஸ்விட்சர்லாந்தும் ஒப்பந்தம் போட்டு இங்கே ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். ஸ்விஸ் நாட்டு பிரவுன் ஸ்விஸ் காளைகளைக் கொண்டுவந்து கேரளத்து நாட்டு மாடுகளோடு கலந்து, பின்னால் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ரத்தமும் சேர்ந்து உருவானதுதான் ‘சுனந்தினி’. 1976-ல் இதற்கென்று தனி வாரியம் அமைந்தது. இன்று அதன் பெயர் கேரளக் கால்நடை மேம்பாட்டு வாரியம். பொலிகாளையின் விந்தைக் குச்சிகளில் அடைத்து, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் உறையவைத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். விவசாயி காளையைத் தேடிப் போகிற காலம் போய், காளை சினை ஊசியாக வீட்டுக்கு வந்தது. இன்று கேரளத்து மாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கலப்பினம். 1996-ல் சுமார் 34 லட்சமாக இருந்த மாடுகள் 2019 கணக்கெடுப்பில் பதின்மூன்று லட்சத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டன. மாநிலத்தின் பால் அப்படிக் குறையவில்லை. ஆண்டுக்கு 25 லட்சம் டன் பக்கம் கறக்கிறார்கள். விஞ்ஞானத்தின் தாக்கம் என்று ஒன்று உண்டென்றால் இது தாக்கம். இதில் எத்தனை லிட்டர் எந்த இதழில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்று கேட்டால் பால்காரர் சிரிப்பார்.

இப்போது காளைக்கு மார்க் போடும் கதை. காளை பால் கறக்காது. அப்படியானால் ஒரு காளை நல்ல காளையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? திமிலையும் கொம்பையும் பார்த்தா? அதன் மகள்கள் எவ்வளவு கறக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இளம் காளையின் விந்தை அளவாக எடுத்துப் பல ஊர்களில் பலர் வீட்டு மாடுகளுக்குப் போடுகிறார்கள். பிறக்கும் கிடேரிகள் வளர்ந்து, சினை பிடித்து, முதல் ஈற்று ஈன்று, 305 நாள் கறக்க வேண்டும். ஆட்கள் வீடு தேடிப் போய் அளந்து எழுத வேண்டும். காளை பிறந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏழு வருஷம் ஆகிவிடும். கார்ஃபீல்டின் சைட்டேஷனும் இதே யோசனைதான்: கட்டுரையின் தரம் அதன் சந்ததியில் தெரியும். அடிப்படையில் ஒரு பிசகும் இல்லை. வித்தியாசம் அதற்கப்புறம் வருகிறது.

“புல்லும் தண்ணியும் இருக்கிற ஊரில் எந்த மாடும் கொஞ்சம் கூடத்தான் கறக்கும்” என்றாள் அவள். “அதைக் காளையோட சாமர்த்தியம்னு எழுதினா எங்க புரொபசர் நோட்டைத் தூக்கி எறிவார்.” அதனால் ஒரு மகளின் பாலை, அதே வட்டாரத்தில் அதே பருவத்தில் ஈன்ற மற்ற மாடுகளின் பாலோடு மட்டும்தான் ஒப்பிடுகிறார்கள். மலையாட்டம் தீவனம் போடுகிற பண்ணையையும் ஒற்றை மாடு வைத்திருக்கும் விதவையின் கொட்டிலையும் ஒரே தராசில் நிறுத்துவதில்லை. கடைசியில் வருகிற எண்ணோடு இன்னொரு எண்ணும் சேர்ந்து வரும்: இந்த மதிப்பீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது. மகள்கள் பத்துப் பேர் என்றால் நம்பிக்கை குறைவு. நூறு பேர் என்றால் அதிகம்.

இனி நம் ஆராய்ச்சி உலகத்தைப் பாருங்கள். கணிதத்தில் ஆகச் சிறந்த இதழ்களில் ஒன்று ‘ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’. அதன் இம்பாக்ட் ஃபேக்டர் ஐந்தை ஒட்டித்தான் நிற்கும். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஓர் இதழுக்கு இருநூறைத் தாண்டியிருக்கிறது. காரணம் சுலபம். வருஷா வருஷம் புற்றுநோய்ப் புள்ளிவிவரம் அதில் வருகிறது. புற்றுநோய் பற்றி எழுதுகிற அத்தனை பேரும் முதல் வாக்கியத்தில் அந்தப் புள்ளிவிவரத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். கணிதக்காரர்கள் கொஞ்சமாக எழுதி, மெதுவாகப் படித்து, பத்து வருஷம் கழித்து மேற்கோள் காட்டுகிறவர்கள். இரண்டு வருஷத்தில் அவர்களுக்கு என்ன தெரியும்? போதாக்குறைக்கு இந்த எண்ணை மூன்று தசம ஸ்தானம் வரை அச்சிட்டார்கள், தங்க நிறுவை மாதிரி. 2023-ல்தான் ஒரே ஸ்தானமாகக் குறைத்தார்கள். எவ்வளவு நம்பலாம் என்ற இரண்டாவது எண் இன்னும் வரவில்லை.

அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது அதிகம் முக்கியமானது என்பதும் சந்தேகம்தான். உலகத்திலேயே அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை என்று ‘நேச்சர்’ இதழ் 2014-ல் கணக்கெடுத்துச் சொன்னது ஆலிவர் லௌரி 1951-ல் எழுதியது. ஒரு திரவத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. மூன்று லட்சத்துக்கு மேல் மேற்கோள். அது அப்படியொன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லௌரியே ஒப்புக்கொண்டார். எதிர்ப்பக்கம் நம் ஜி.என். ராமச்சந்திரன். மாட்டுப்பட்டித் திட்டம் தொடங்கிய அதே 1963-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து, புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும், எப்படி முடியாது என்று ஒரு வரைபடம் போட்டார். இன்று உலகத்தில் எங்கே புதிய புரத வடிவம் கண்டுபிடித்தாலும் ‘ராமச்சந்திரன் பிளாட்’ போட்டுச் சரிபார்க்கிறார்கள். ஆனால் மூலக் கட்டுரையை அடிக்குறிப்பில் போடாதவர்கள் ஏராளம். பாடப் புத்தகத்தில் ஏறிவிட்டதை யார் மேற்கோள் காட்டுவார்கள்? புகழ் ஓர் அளவைத் தாண்டினால் எண்ணிக்கையிலிருந்து தப்பித்துவிடுகிறது.

2005-ல் ஹிர்ஷ் என்ற பௌதிகக்காரர் ஆளுக்கே நேராக மார்க் போட ‘எச் இண்டெக்ஸ்’ கொண்டுவந்தார். ஒருவரின் பத்துக் கட்டுரைகள் குறைந்தது பத்துப் பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் எண் பத்து. இதழின் பெருமையில் குளிர்காய முடியாது, அது நல்லது. ஆனால் இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. வயதானவர்களுக்குத் தோதான கண்டுபிடிப்பு. கண்டுபிடித்தபோது ஹிர்ஷுக்கு வயது ஐம்பதுக்கு மேல் என்பதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

நம் நாட்டில் இது எப்படி நடந்தது? 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளி முறை கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி. ஆராய்ச்சி மாணவர் பட்டம் வாங்கவும் ஒரு கட்டுரையாவது அச்சேற வேண்டும் என்று விதி. லட்சக்கணக்கான பேருக்குக் கட்டுரை அவசரமாகத் தேவைப்பட்டால் கடை திறக்கிறவன் திறக்கத்தானே செய்வான்? பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடும் ‘சர்வதேச’ இதழ்கள் ஈசல் மாதிரிப் புறப்பட்டன. 2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே நாளில் 4,305 இதழ்களை நீக்கியது. பட்டியலில் சேர்த்ததும் அதே குழுதான். பிறகு ‘கேர்’ என்று புதிய பட்டியல். 2025-ல் அதையும் கைவிட்டார்கள். பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதி 2022-ல் போனது. இதற்குள் எத்தனை பேர் சம்பளத்தை வழித்து அந்தக் கடைகளில் கட்டினார்களோ.

யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. இந்திய விஞ்ஞானத்தைச் சைட்டேஷன் அட்டவணை வைத்து அளந்த ஆரம்ப கால நிபுணர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த சுப்பையா அருணாசலம். அளவுகோலின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று அறிந்தவர். அவரும் முத்து மாதனும் சுப்பையா குணசேகரனும் 2018-ல் ஒரு மருத்துவ அறவியல் இதழில், தனி மனிதரை எடை போட இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்துவது தவறு என்று விரிவாக எழுதினார்கள். 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞான இதழாசிரியர்களும் அதையே பிரகடனமாக வெளியிட்டிருந்தார்கள். கட்டம் போட்ட தாள் எதையும் படிப்பதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மாட்டுக்காரர்கள் மகா புத்திசாலிகள், அவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடலாம் என்று நான் சொன்னபோது அவள் தலையாட்ட மறுத்தாள். “வெச்சூரை மறந்துட்டீங்க அங்கிள்.”

வைக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெச்சூர் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய நாட்டு மாடு. மூன்றடிகூட உயரம் வராது. தினம் இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அதிகம். கொல்லையில் கிடைத்ததைத் தின்று, கஷாயத்துக்கும் கைக்குழந்தைக்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. பால் என்ற ஒரே எண்ணை வைத்து மாடுகளை வரிசைப்படுத்தியபோது இது கடைசிக்கு வந்தது. 1961-ல் கேரளம் போட்ட கால்நடை மேம்பாட்டுச் சட்டப்படி காளை வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும். தரமில்லை என்று கருதப்படும் காளைக்குக் காயடிக்கலாம். நாட்டுக் காளைகள் இல்லாமல் போயின. எண்பதுகளின் முடிவில் வெச்சூர் மாடு அழிந்துபோன கணக்கில் சேர்ந்துவிட்டது.

1989-ல் மண்ணுத்தியில், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் மாட்டின மரபியல் பேராசிரியை சோசம்மா ஐப் தன் மாணவர்களோடு தேட ஆரம்பித்தார். கோட்டயம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாக விசாரித்து, ஒன்றும் இரண்டுமாகக் கண்டுபிடித்து, கெஞ்சி வாங்கிச் சேர்த்தார்கள். கலப்பினம்தான் முன்னேற்றம் என்றிருந்த நாட்களில், இத்துனூண்டு மாட்டுக்காக இவ்வளவு அலைச்சலா என்று கேட்டவர்கள் உண்டு. 2000-ல் அது தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. 2014-ல் 61.1 சென்டிமீட்டர் உயரமுள்ள ‘மாணிக்கியம்’ என்ற வெச்சூர்ப் பசு உலகத்திலேயே குட்டையான பசு என்று கின்னஸில் ஏறியது. சோசம்மாவுக்கு 2022-ல் பத்மஸ்ரீ. ஆரம்பித்து முப்பத்து மூன்று வருஷம். இம்பாக்ட் ஃபேக்டர் இரண்டு வருஷத்தில் ஜன்னலை மூடிவிடும். மூன்றாவது வருஷம் அவர் கையில் இருந்தது கட்டுரைகளா, மாட்டுச் சாணமா என்று ஒரு தேர்வுக் குழு கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

“அப்படியென்றால் அளக்கவே கூடாது என்கிறாயா?”

“அளக்காமல் எப்படி? அப்புறம் கொம்பைப் பார்த்துத்தான் எடுப்பாங்க” என்றாள். “என் ரெண்டு கட்டுரையையும் யாராவது ஒருத்தர் படிச்சிட்டு, இது தேறாதுன்னு சொல்லியிருந்தா நான் எழுந்து கும்பிட்டுட்டு வந்திருப்பேன்.”

சாயங்காலம் போடிமெட்டு வழியாக இறங்கினோம். அடுத்த மாதம் வேறொரு கல்லூரியில் நேர்முகம் இருப்பதாகச் சொன்னாள். விண்ணப்பத்தில் அங்கேயும் அதே கட்டங்கள். மொத்த இம்பாக்ட் ஃபேக்டர் என்ற இடத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். உள்ளதைத்தான் எழுதினேன் என்றாள். கொண்டை ஊசி வளைவுகளில் மறைந்திருந்த செல்போன் சிக்னல் கீழே வந்ததும் உயிர் பெற்று, உடனே மணி அடித்தது. மறுமுனையில் ஒரு பெண் குரல், எனக்கே கேட்கிற சத்தத்தில்.

“டாக்டரம்மா, நம்ம செவலை கண்ணு போட்டுருச்சு. கிடேரி. எழுதிக்கிறீங்களா?”

ஆராய்ச்சி முடிந்து, பட்டமும் வாங்கி இரண்டு வருஷமாகிறது. அவள் கைப்பையிலிருந்து ஓரம் மடங்கிய நோட்டை எடுத்து, கார் விளக்கைப் போடச் சொல்லித் தேதியைக் குறித்துக்கொண்டாள். “எத்தனை மணிக்கு அக்கா?”